பால்மரம் துளிர்க்கும்போது தொடங்குங்கள்: கொல்லையில் காய்கறியும் கெலுலுட் கூடும்

மழை ஓய்ந்து பொங்கலும் கழிந்த பிறகு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பால்மர (ரப்பர்) காடுகள் இலையைக் கொட்டத் தொடங்கும். பீடோங், கூலிம் பக்கம் பிப்ரவரியில் போனால் மரங்கள் மொட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். காய்ந்த இலை சாக்கடைகளை அடைத்துக் கிடக்கும். பிறகு செம்பழுப்பு நிறத்தில் துளிர் கிளம்பும். பால் குறைந்துவிடுவதால் பாலுக்காகப் பட்டையைச் சீவும் மரவெட்டும் குறையும், சில இடங்களில் நின்றே போகும். தோட்டத்துக் குடும்பங்களின் கையில் காசு சுருங்கி, பொழுது மிஞ்சும் காலம் இது. பனி பெய்யாத நாட்டில் நமக்கு வாய்த்த வசந்தமும் இதுதான்.

கெலுலுட் என்ற கொட்டாத சின்னத் தேனீயை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுவே நல்ல நேரம். பால்மரத்தின் இளந்துளிரில் மூன்று இலைகளும் வந்து சேரும் காம்பு நுனியில் சின்னச் சுரப்பிகள் உண்டு. இலை முற்றும்வரை அவற்றில் இனிப்பு நீர் கசியும். பூ மலராமலே தேனீக்குத் தீனி. செம்பனையிடம், அதாவது எண்ணெய்ப்பனையிடம், இதை எதிர்பார்க்க முடியாது. அதன் பூவில் மகரந்தம் மட்டும்தான், இனிப்பு நீர் இல்லை. அதில் மகரந்தம் சேர்ப்பதற்கே 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்தார்கள். உங்கள் தாமானை (குடியிருப்பை)ச் சுற்றி நாலா பக்கமும் செம்பனை என்றால், கூடு வாங்கும் யோசனையைச் சில மாதம் தள்ளிப்போட்டுப் பூச்செடிகளை வளர்த்தெடுங்கள்.

முதலில் மண்

பல ஆண்டு மழையில் கரைந்த நம் மண் பெரும்பாலும் புளித்த மண், அதாவது அமில மண். பாத்தியைக் கொத்திப் புரட்டி, சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கைப்பிடி டாலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கலந்துவிட்டு, இரண்டு வாரம் சும்மா விடுங்கள். கோழி எருவை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவில் உள்ள தழைச்சத்து காற்றோடு போய்விடும். பாத்தி ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும். பக்கத்தில் செம்பனை ஆலை இருந்தால் பழம் நீக்கிய வெறுங்குலை கிடைக்கும். அதைச் செடிகளுக்கிடையே பரப்பினால், வெயில் கடுமையான பிப்ரவரி, மார்ச்சில் ஈரம் நிற்கும்.

கூட்டுக்கு முன் பூ

புதியவர்கள் வரிசையை மாற்றிவிடுவது இந்த இடத்தில்தான். முதலில் கூட்டை வாங்கி வைத்து, பிறகு அது பட்டினி கிடக்கிறதே என்று செடி தேடுகிறார்கள். கெலுலுட் சுமார் அரை கிலோமீட்டருக்குள்தான் இரை தேடும். அந்த வட்டத்துக்குள் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேலிக்கு ஆயர் மாத்தா பெங்கந்தின் கொடி. இளஞ்சிவப்புப் பூவைக் கொத்துக் கொத்தாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிடித்துக்கொண்டால் வேலியையே விழுங்கிவிடும் என்பதால் கத்தரிக்கோல் கையில் இருக்கட்டும். பாதை ஓரத்துக்குப் புக்குல் லாப்பான் செடி. காலை எட்டு மணி வாக்கில் விரிந்து நண்பகலில் சுருங்கும். துளசியைக் கிள்ளிக்கொண்டே இருக்காமல் நாலைந்து செடியைப் பூக்க விடுங்கள். முருங்கை, புளிச்சக்காய், தென்னை இருந்தால் அதுவும் லாபம். மாமரமும் பலாவும் பிசினுக்கு உதவும். கூடு கட்டக் கெலுலுட்டுக்கு மெழுகோடு பிசினும் வேண்டும்.

காய்கறியில் பாகல், வெள்ளரி, மிளகாய், கத்தரி போடுங்கள். பீர்க்கு மாலையில்தான் மலரும், அந்நேரம் கெலுலுட் பெரும்பாலும் கூடு திரும்பியிருக்கும். அந்தி நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவே மகரந்தத்தைத் தடவிவிட்டால் காய் பிடிக்கும். எங்கள் வீட்டில் இது மகளின் வேலை. பள்ளிப் பாடத்தில் படித்ததைக் கையால் செய்கிறாள் என்று எனக்குத் திருப்தி, டியூஷனிலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்தோம் என்று அவளுக்கு.

கூடு வாங்கும்போது

ஹெட்டரோட்ரிகோனா இட்டாமா என்ற கறுப்பு இனத்தையே தேர்ந்தெடுங்கள். எளிதில் கிடைக்கும், பொறுத்துப் போகும். மரக்கட்டைக்குள் கூடு, அதன் தலையில் தேனுக்கான மரப்பெட்டி, இப்படித்தான் விற்பார்கள். விற்பவர் காட்டும் தேனைப் பார்க்காதீர்கள், வாசலைப் பாருங்கள். பிசின் குழாய் போல் நீண்டிருக்கும் வாசலின் விளிம்பு இளக்கமாக இருக்க வேண்டும். காவல் ஈக்கள் நிற்க வேண்டும். உள்ளே போகிற ஈக்களின் பின்னங்காலில் மகரந்த உருண்டை தெரிய வேண்டும். மகரந்தம் வருகிறதென்றால் உள்ளே குஞ்சுகள் வளர்கின்றன. வாசல் காய்ந்து உதிர்ந்தால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம்.

இருட்டிய பின், எல்லா ஈயும் உள்ளே போனதும் வாசலை மெல்லிய வலையால் மூடி, கட்டையைச் சாய்க்காமல் கொண்டுவாருங்கள். சாய்த்தால் உள்ளே மெழுகும் பிசினுமாகக் கட்டிய சின்னத் தேன்குடங்கள் உடைந்து ஈக்கள் முங்கிப்போகும்.

எங்கே வைப்பது

காலை வெயில் படலாம், உச்சி வெயில் ஆகாது. மழைக்கு மேலே ஒரு கூரை. முழங்கால் உயர இரும்புத் தாங்கி. அதன் ஒவ்வொரு காலும் எண்ணெய் ஊற்றிய டப்பாவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு ஏறி ஒரே இரவில் கணக்கை முடித்துவிடும். வைத்த இடத்தைவிட்டு நாலடி தள்ளிவைக்கலாமே என்று பிறகு யோசிக்காதீர்கள். வெளியே போன ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றும். துணி காயப்போடும் கொடிக்கு எதிரே வாசல் வேண்டாம். கெலுலுட் கொட்டாது, ஆனால் கூட்டைத் திறந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். கூட்டைத் திறக்கும் நாளில் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் விரிசல் தெரிந்தால் உடனே டேப் ஒட்டுங்கள். கசிந்த தேன் வாசத்துக்கு வரும், தேனீ அல்லாத வேறு சிறு ஈக்கள் உள்ளே முட்டையிட்டால், புழு வைத்துக் கூடே நாறிப்போகும்.

டெங்கிக்குப் புகை அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் முந்தின இரவே வாசலை மூடி, கூட்டை ஈரச் சாக்கால் போர்த்துங்கள். புகை முற்றிலும் கலைந்த பிறகு திறக்கலாம். கொசுவுக்கான மருந்து தேனீயையும் விடாது. செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதும் அப்படித்தான். கூடு வந்த பிறகு அதை நிறுத்திவிடுங்கள். மிளகாய்க்கு வேப்பெண்ணெய் போதும், அதையும் பூவில் படாமல் அந்தியில் தெளியுங்கள்.

தேன் எடுப்பது

முதல் சில மாதங்கள் எடுக்க வேண்டாம். வீட்டில் எல்லாரும் கேட்பார்கள், விருந்தாளியும் கேட்பார். மேல்பெட்டியில் குடங்கள் நிறைந்து வாய் மூடிய பிறகு, சிறு உறிஞ்சு பம்பின் குழாயைக் குடத்துக்குள் விட்டு இழுங்கள். மகரந்தம் உள்ள குடத்தைத் தொடாதீர்கள். கீழே கட்டைக்குள் கைவைக்கவே கூடாது, அது குஞ்சுகளின் இடம்.

இந்தத் தேன் புளிக்கும், நீர்த்திருக்கும். கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். 2017இன் மலேசியத் தரநிலை எம்.எஸ். 2683, கெலுலுட் தேனில் 35 விழுக்காடு வரை ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது. ஈரம் அதிகம் என்பதால் நுரைத்து வாயு கட்டும். புட்டியை முழுக்க நிரப்பாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அவ்வப்போது மூடியைத் தளர்த்துங்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் கேட்டு உறவினர் வருவார்கள். கொடுக்காதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் ஆகாது. அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி உயிருக்கே ஆபத்து. பெரியவர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். என் அம்மா கோபித்தார், பிறகு கிளினிக் தாதி சொன்னதும் ஒத்துக்கொண்டார். நீரிழிவு உள்ள மாமாக்கள் வேறு விதம். கொட்டாத் தேனீயின் தேனில் டிரெஹலுலோஸ் என்ற, மெதுவாகச் செரிக்கும் சர்க்கரை இருப்பதை 2020இல் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மலேசிய இனங்களின் தேனும் அந்த ஆய்வில் இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டு கரண்டி கரண்டியாகக் குடிப்பதற்கு அது அனுமதிச் சீட்டாகாது. மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஏப்ரல் வாக்கில் பால்மர இலை முற்றிக் கசிவு நின்றுவிடும். அதற்குள் வேலிக்கொடி பூத்திருக்க வேண்டும். கெடாவில் செப்டம்பரிலிருந்து மழை வலுக்கும். ஆகஸ்டு கடைசியோடு தேன் எடுப்பதை நிறுத்தி, மிச்சத்தைக் கூட்டுக்கே விடுங்கள்.