போஸ்ட்மார்ட்டம் என்று சொல்லிவிட்டார்களா? முதலில் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்க

ஜி.எச். பிணவறை முன்னால் பங்காளி, மாமன் மச்சான் என்று முப்பது பேர் நின்றுகொண்டு "டாக்டர் இன்னும் வரலீங்களா" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் தாமதம் டாக்டரால் இல்லை. பூச்சி மருந்து, கிணறு, பாம்புக்கடி, தறியில் கரண்ட் அடித்தது, ரோட்டில் அடிபட்டது, எதுவானாலும் போலீஸ் வழக்குப் பதிந்து, உடலைப் பார்த்து, பஞ்சாயத்தார் (சாட்சியாக நிற்கும் உள்ளூர்க்காரர்கள்) முன்னிலையில் விசாரணை எழுதி, கடிதம் கொடுத்த பிறகுதான் டாக்டர் ஆரம்பிக்கவே முடியும். (இந்த விசாரணைக்கான சட்டப் பிரிவை முன்பு 174 என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 194.) அதுவும் சம்பவம் நடந்த எல்லை ஸ்டேஷன்தான் வர வேண்டும். காங்கேயம் பக்கம் அடிபட்டு கோவையில் உயிர் போனால் காங்கேயத்து போலீஸ் கோவைக்கு வந்தாக வேண்டும். அதனால் விவரம் தெரிந்த இரண்டு பேர் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதுதான் முதல் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சாவில் சந்தேகம் இருந்தாலோ ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு, இன்னும் நேரமாகும்.

"அறுக்காமல் கொடுங்க சாமி" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாங்க. போலீஸ் கேஸில் வீட்டுச் சம்மதம் தேவையே இல்லை, மறுக்கவும் முடியாது. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குத் தூக்கி வந்து எரித்துவிட்டால், பிறகு இன்சூரன்ஸுக்கும் அரசு உதவிக்கும் கையில் ஒரு தாளும் இருக்காது.

எங்கள் சித்தப்பா தென்னையிலிருந்து விழுந்தபோது நான்தான் விசாரணைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அழுத கண்ணோடு படிக்கவில்லை. ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, இனிஷியலும் தப்பு. அந்த ஒரு எழுத்தைத் திருத்த எட்டு மாதம் அலைந்தோம். ஆகவே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு பெயர், வயது, அப்பா பெயர், நேரம் எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. தாலி, மோதிரம், போன் எதையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்க.

மனதில் சந்தேகம் இருந்தால் அறுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில். அப்படிச் சந்தேகம் இருக்கிறபோது எரிக்காமல் புதைப்பதே நல்லது, மறுபடி பரிசோதிக்க வழியிருக்கும்.

நேரம் பற்றி ஒன்று. 2021 நவம்பரில் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி வசதியுள்ள ஆஸ்பத்திரியில் இரவிலும் செய்யலாம், ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவை பொதுவாக அதில் சேராது. ஆக, சாயங்காலம் இறந்தால் மறுநாள் என்றே வைத்துக்கொள்ளுங்க. "காலையில் பத்து மணிக்கு எடுக்கிறோம்" என்று ஊருக்கெல்லாம் எழவு சொல்லிவிட்டு அப்புறம் தவிக்க வேண்டாம்.

காசு கேட்பார்கள். போஸ்ட்மார்ட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, ஜி.எச்.சிலிருந்து வீடு வரை அமரர் ஊர்தியும் இலவசம், 155377க்குக் கூப்பிடலாம். துணிக்கு, கயிற்றுக்கு என்று எங்கள் கையிலிருந்தும் போனது, அந்த நேரத்தில் சண்டை போடத் தெம்பில்லை.

உடல் எப்படி இருக்குமோ என்று பெண்கள் பயப்படுவார்கள். முகம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், தலைத் தையல் முடிக்குள் மறைந்துவிடும். நெஞ்சிலிருந்து வயிறு வரை தையல் இருக்கும், கசியும். அதனால் சுற்றிய துணியைப் பிரிக்காமல், மேலாக நாலு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கோடித்துணி போடச் சொல்லுங்க. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு சரி என்றார்கள்.

விஷம் என்றால் உள்ளுறுப்பு ஆய்வகத்துக்குப் போகும், சாவுக்கான காரணம் "நிலுவை" என்று அறிக்கையில் இருக்கும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்காக இறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீங்க, 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று பாருங்க. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கிப் பத்து காப்பி எடுத்து வையுங்க. ஆறு காப்பி எடுத்த எங்களுக்குப் பத்தவில்லை.