டி-34/85 டாங்கி மாடல்: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து டிராக்கில் சேறு பூசுவது வரை

இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஓட்டிய டி-34 டாங்கி வழவழப்பான வண்டி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக மாடல் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்து பொம்மைக் கார் போல மினுக்கிவிடுகிறார்கள். உண்மையான டாங்கியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், மேலே சுழலும் டரெட்டில் எஃகை அச்சில் ஊற்றி வார்த்த சொரசொரப்பு அப்படியே இருக்கும். தகடுகள் சேரும் இடங்களில் வெல்டிங் தடித்துப் புடைத்திருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. மிகைல் கோஷ்கின் என்ற பொறியாளரின் தலைமையில் கார்கிவ் நகரத்தில் உருவான வண்டி இது. 1941இல் ஜெர்மன் படை நெருங்கியதும் அந்தத் தொழிற்சாலையையே பெயர்த்து, யூரல் மலைப் பக்கம் நீஷ்னி தகீல் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். வண்டி சீக்கிரம் முடிய வேண்டும், போர்முனைக்குப் போக வேண்டும். அழகு பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்த அவசரம் மாடலிலும் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதை மனதில் வைத்துத்தான்.

எந்த கிட்?

கிட் என்றால் ஒட்டிச் சேர்க்க வேண்டிய துண்டுகளோடு வரும் பெட்டி. டி-34இல் இரண்டு பெரிய வகை. 76 மி.மீ. பீரங்கி உள்ள பழையது, 1944இல் வந்த 85 மி.மீ. பீரங்கி உள்ளது. முதல் மாடலுக்கு 85ஐ எடுங்கள். டரெட் பெரியது, வார்ப்புச் சொரசொரப்பைச் செய்து பழக நிறைய இடம் இருக்கும். பழைய டரெட்டில் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்பதால் தளபதியே பீரங்கி வேலையையும் பார்க்க வேண்டியிருந்தது. 85இல் மூன்று பேருக்கு இடம் கிடைத்தது, மொத்தக் குழு ஐந்து பேர் ஆனது. டரெட் அவ்வளவு பெரிதானது அதனால்தான்.

அளவு 1/35, அதாவது உண்மையான வண்டியில் 35இல் ஒரு பங்கு, போதும். உண்மையான வண்டி பீரங்கிக் குழலோடு சேர்த்து 8 மீட்டருக்குச் சற்று மேல், மாடல் சுமார் 23 செ.மீ. வரும். 1/72 இன்னும் மலிவு, ஆனால் 11 செ.மீ.தான், கைப்பிடிக் கம்பிகள் மயிரிழை போல இருக்கும், பழகாத கைக்குச் சிரமம். தமியா, ஸ்வெஸ்டா, அகாடமி மூன்று கம்பெனிகளுமே 1/35இல் இந்த வண்டியைப் போடுகிறார்கள். உள்ளே எஞ்சின், இருக்கை எல்லாம் வைத்து நூற்றுக்கணக்கான துண்டுகளோடு வரும் கிட்டுகளும் உண்டு. அவை இப்போது வேண்டாம்.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் தட்டையான சின்ன கட்டர், மாற்று பிளேடு போடும் கத்தி, 400, 600, 1000 எண் உப்புத்தாள், இடுக்கி, மாஸ்கிங் டேப், பிளாஸ்டிக் மாடலுக்கான மெல்லிய பசை. பசையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கடையில் கிடைக்கும் சூப்பர் க்ளூ மேலோட்டமாகப் பிடித்து நிற்கும். மாடல் பசை பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். அதன் ஆவி தலைவலி தரும், அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வெட்டு, தேய், ஒட்டு

துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டு வரும். சட்டத்தோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, நிழலில் காய விடுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிக் குவிக்காதீர்கள். அந்தந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள். துண்டை ஒட்ட வெட்டாமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400 தாளில் தேய்த்து, 600இல் முடியுங்கள். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும்.

பசை போடும் முறை இது. இரண்டு துண்டையும் முதலில் பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் கையால் பிடித்துக்கொண்டு, பசைத் தூரிகையின் நுனியை இணைப்புக் கோட்டில் ஒரு இடத்தில் மட்டும் தொடுங்கள். பசை தானாகவே கோடு நெடுக ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அது ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் விரல் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் பசை விரலுக்கடியிலும் ஓடி, கைரேகை பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். என் முதல் டாங்கியின் முன் தகட்டில், பார்த்தவுடன் தெரியும் இடத்தில், என் கட்டைவிரல் ரேகை இருந்தது. அதைத் தேய்த்து எடுக்க ஒரு முழு மாலை போனது.

கீழ் உடல், மேல் உடல், பின்பக்க எஞ்சின் மூடி எல்லாம் விளக்கத்தாளில் உள்ள வரிசைப்படி போகலாம். பெட்டி போன்ற பாகங்கள், கஷ்டம் இல்லை. பக்கவாட்டு டீசல் பீப்பாய்கள், கைப்பிடிகள் போன்ற மெல்லிய பாகங்களைக் கடைசிக்கு வையுங்கள், கை பட்டே உடையும்.

சக்கரங்களை இப்போது ஒட்ட வேண்டாம்

விளக்கத்தாள் ஒட்டச் சொல்லும். நீங்கள் ஒட்டாதீர்கள். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டை. ஓரத்தில் ரப்பர், நடுவில் பச்சை. வண்டியில் மாட்டிய பிறகு அந்த ரப்பரை வட்டமாகப் பெயின்ட் அடிப்பது ரொம்பக் கஷ்டம். ஒவ்வொரு சக்கரத்தையும் பல்குத்தும் குச்சியில் செருகி, ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி வையுங்கள். பின்னால் பெயின்ட் அடிக்கும்போது தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுழற்றினால் வட்டம் தானாக விழும். ரப்பருக்குத் தனிக் கறுப்பு வேண்டாம், கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தது போதும்.

டரெட்: இங்கேதான் பொறுமை வேண்டும்

பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வந்தால், ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, இணைப்புக் கோட்டை முழுசாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள். உண்மையான குழலில் அப்படிக் கோடு கிடையாது. தட்டையாகத் தேய்த்தால் குழல் முட்டை வடிவமாகிவிடும். உப்புத்தாளைச் சின்னப் பட்டையாக வெட்டி, செருப்பைத் துடைத்து மெருகேற்றுவது போலக் குழலைச் சுற்றி முன்னும் பின்னும் இழுங்கள்.

ஆனால் டரெட்டின் பக்கங்களைச் சுற்றி ஓடும் கோட்டை அப்படி எடுத்துவிடாதீர்கள்! அது கிட் அச்சின் குறை இல்லை. உண்மையான டரெட்டை வார்க்கும்போது அச்சுகள் சேரும் இடத்தில் விழுந்த மடிப்பு அது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அதன் இடமும் உருவமும் மாறும். பழைய படங்களைப் பார்த்து, இந்த டரெட் நீஷ்னி தகீலில் வார்த்ததா, கோர்க்கி நகரத்து 112ஆம் எண் ஆலையில் வார்த்ததா என்று சொல்வதற்கு இந்தக் கோடும் ஒரு துப்பு.

இனி சொரசொரப்பு. பழைய, முள் விறைத்த தூரிகை ஒன்றை எடுங்கள். டரெட்டின் பக்கச் சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் பசையைத் தடவி, பிளாஸ்டிக் இளகும்வரை சில நொடி விட்டு, தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்திக் குத்தி எடுங்கள். இளகிய பிளாஸ்டிக் சின்னச் சின்ன மேடு பள்ளமாக எழும்பும். அடுத்த இடத்துக்குப் போங்கள். முழு டரெட்டையும் ஒரே நேரத்தில் நனைக்காதீர்கள், விளிம்புகள் மழுங்கிவிடும். காய்ந்ததும் 600 தாளால் மேலோட்டமாக ஒரே ஒரு தடவை தடவினால், கூரான முனைகள் மட்டும் போய் நல்ல வார்ப்பு எஃகு போல நிற்கும். கூரையைத் தொட வேண்டாம். அது வார்ப்பு இல்லை, தட்டையான தகட்டை வைத்துப் பற்றவைத்தது. வண்டி உடலும் அப்படித்தான், தகடு. அதனால் அதுவும் வழவழப்பாகவே இருக்கட்டும். இந்த வித்தியாசம் தெரிந்து செய்த மாடலை மூன்றடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

டிராக்

டிராக் என்பது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிப் பட்டை. டி-34இல் அதைத் தாங்க மேலே தனி உருளைகள் கிடையாது. டிராக்கின் மேல் பகுதி நேராகச் சக்கரங்களின் தலையில் படுத்து, சக்கரங்களுக்கு நடுவே லேசாகத் தொய்ந்திருக்கும். கிட்டார் கம்பி போல விறைப்பாக நின்றால் எல்லா உழைப்பும் வீண்.

பக்கத்துக்கு 72 கண்ணிகள். ஒன்றுவிட்டு ஒன்றில் ஒரு கொம்பு இருக்கும். அந்தக் கொம்பு உள்பக்கம், இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவில் போக வேண்டும். பின்பக்க ஓட்டுசக்கரம் டிராக்கைப் பற்றி இழுப்பதே இந்தக் கொம்புகளை வைத்துத்தான், வழக்கமான பல்சக்கரம் போலப் பற்களை வைத்து இல்லை. வேலை செய்யும் விதம் புரிந்தால் திருப்பி ஒட்டும் தப்பு வராது.

பெட்டியில் பிளாஸ்டிக் கண்ணிகள் வந்தால், தேவையான நீளத்துக்கு ஒரு ஸ்கேல் ஓரமாக நேராக அடுக்கி, பசை தொட்டு, அரை மணி நேரம் கழித்து இன்னும் வளையும் பதத்தில் எடுத்துச் சக்கரங்களின் மேல் போர்த்துங்கள். சக்கரத்தை அச்சில் ஒட்டாமல் சும்மா மாட்டியிருந்தால், காய்ந்த பிறகு டிராக்கும் சக்கரமும் ஒரே துண்டாகக் கழன்று வரும். வளையும் ரப்பர் போன்ற பட்டை வந்தால், அதைப் பெயின்ட் வேலை முடிந்த பிறகு மாட்டி, மேலே உடலுக்கும் டிராக்குக்கும் இடையில் பஞ்சைத் திணித்துச் சக்கரத்தின் மேல் அமுக்குங்கள். படிந்த நிலையில் ஒரு துளி சூப்பர் க்ளூ. காய்ந்ததும் பஞ்சை எடுத்துவிடலாம்.

பச்சை

முதலில் பிரைமர். சாம்பல் நிற ஸ்ப்ரே டப்பா போதும். ஒரு அடி தள்ளிப் பிடித்து, வண்டிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை.

சோவியத் வண்டிகளின் பச்சைக்கு 4பிஓ என்று பெயர். கொஞ்சம் மஞ்சள் சாயல் உள்ள பச்சை. பல கம்பெனிகள் இந்தப் பெயரிலோ ரஷ்யன் கிரீன் என்றோ விற்கிறார்கள். டப்பாவில் உள்ளதை அப்படியே அடித்தால் மாடல் இருட்டடித்துத் தெரியும், சின்னப் பொருளில் எந்த நிறமும் கூடுதலாகக் கறுத்துத்தான் தோன்றும். பத்துச் சொட்டுப் பச்சைக்கு இரண்டு சொட்டு வெளிர் மஞ்சள் கலந்து பாருங்கள்.

தூரிகையால் அடிப்பதென்றால் வாலேஹோ போன்ற நீர் கலக்கும் அக்ரிலிக் நல்லது. பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, அகலத் தூரிகையால், தகடு இருக்கும் திசையிலேயே இழுங்கள். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அது நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. ஈரத்தின் மேல் திரும்பத் தேய்த்தால் கீழே உள்ளது உரிந்து வரும்.

எண்ணும் வெள்ளைப் பட்டையும்

டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எண், சின்னப் படம். அதை ஒட்டுமுன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. மங்கிய பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். நாம் டரெட்டைச் சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறோம், அதனால் டெக்காலை இளக்கும் திரவம் கட்டாயம் வேண்டும். அதைத் தடவியதும் டெக்கால் சுருங்கும், பதறிப்போய்த் தொட்டுவிடாதீர்கள், காயும்போது தானாகப் படியும்.

1945 பெர்லின் வண்டியாகச் செய்தால் டரெட்டைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை, கூரையில் ஒரு வெள்ளைச் சிலுவைக் கோடு. நேச நாட்டு விமானங்கள் தவறிச் சுடாமல் இருக்கப் போட்ட அடையாளம் அது. களத்தில் கையால் இழுத்த பட்டை. எனவே டெக்காலைவிட, மாஸ்கிங் டேப்கூட இல்லாமல், தூரிகையால் நீங்களே போடுவது நல்லது. கோணலாக வந்தால் இன்னும் பொருத்தம்.

வாஷ், புழுதி, சேறு

எனாமல் தின்னரில் கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டிகாஷன் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய தூரிகை நுனியால் போல்ட், வெல்டிங், மூடி விளிம்பு என ஒவ்வொன்றின் அடியிலும் தொடுங்கள். அது தானாக ஓடி நிழல் போல நிற்கும். அதிகமானதை அரை மணி நேரம் கழித்து, தின்னர் தொட்ட சுத்தமான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து எடுங்கள். கீழே அக்ரிலிக்கும் வார்னிஷும் இருப்பதால் பச்சை கரையாது.

துருவை அள்ளிப் பூசாதீர்கள். போர்முனையில் பல டாங்கிகள் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, தகடு துருப்பிடித்து ஓட்டை விழ நேரமே இல்லை. ஆள் ஏறி இறங்கும் விளிம்புகளிலும் மூடிகளைச் சுற்றியும், சின்ன ஸ்பாஞ்ச் துண்டில் கரும்பழுப்பு தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்து, லேசாகத் தட்டினால் போதும்.

இதெல்லாம் காய்ந்ததும் வண்டிக்கு மங்கல் வார்னிஷ். அதை மழை நாளில் அடிக்கவே அடிக்காதீர்கள். ஒரு ஐப்பசி மாலை அவசரப்பட்டு அடித்தேன், வண்டி முழுக்கப் பனி படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து நல்ல வெயிலில் பளபளப்பு வார்னிஷை மெல்ல அடித்ததும் பெரும்பகுதி தெளிந்தது, ஆனால் எஞ்சின் மூடியின் இடுக்கில் அந்த வெள்ளை இன்றும் இருக்கிறது.

வார்னிஷ் காய்ந்ததும் சேறு. காவியும் பழுப்பும் கலந்த சாக்பீஸ் தூளை அக்ரிலிக் வார்னிஷில் குழைத்து, சக்கரங்களுக்கு நடுவிலும் கீழ் உடலிலும் அப்புங்கள். மேலே போகப் போக ஈரம் குறைந்து, உடலின் மேல் பாதியில் வெறும் புழுதியாக முடியட்டும். டிராக்கைக் கரும்பழுப்பில் அடித்து, கண்ணிகளின் இடுக்கில் மட்டும் சேறு விடுங்கள்.

கடைசியாக ஒரு 6பி பென்சில். நுனியைத் தட்டையாகத் தேய்த்துக்கொண்டு, தரையில் படும் கண்ணிகளின் மேடுகளில், கொம்புகளின் பக்கங்களில், ஓட்டுநர் மூடியின் விளிம்பில் மெதுவாக உரசுங்கள். கரிய பிளாஸ்டிக் அந்த இடங்களில் மட்டும் தேய்ந்த எஃகாக மின்னத் தொடங்கும்.