வளர்ப்பு நாய், பூனை கடித்தால்: குழாயடியிலிருந்து கடைசி ஊசி வரை

தெருநாய் கடித்தால் ஊரே கூடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும். வீட்டு நாய் கடித்தால் அதே ஊர், "நம் வீட்டில் வளர்ந்ததுதானே, ஒன்றும் ஆகாது" என்று மஞ்சள் டப்பாவைத் தேடும். நாயின் கழுத்தில் பட்டை இருக்கிறதா என்று பார்த்து ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் வருவதில்லை. அறிகுறி தோன்றிய பிறகு அந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் மிக மிகச் சிலரே. ஆனால், கடித்தவுடன் முறையாகச் செயல்பட்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம்.

படி 1: விலகுங்கள்

பல் பதிந்திருக்கும்போது கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். பிடி தளர்ந்ததும் விலகி, நாயை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அடித்து விரட்ட வேண்டாம். அந்த நாய் பிறகு நமக்குத் தேவைப்படும்.

படி 2: சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம்

இந்தப் படியைத்தான் பலரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். ரேபிஸ் வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். உறை போனால் வைரஸ் செயலிழந்துவிடும். ஆகவே சோப்பு போடுவதே சிகிச்சையின் முதல் பாதி. குளியல் சோப்பு இல்லையென்றால் துணி சோப்பும் போதும்.

மோதிரம், வளையல்களை முதலில் கழற்றுங்கள். விரல் வீங்கிவிட்டால் மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். காயத்தைக் குழாய்க்கு நேராகப் பிடித்து, நுரை வர சோப்பு போட்டுக் கழுவுங்கள். நுரை ஓரங்களில் நின்றுவிடக் கூடாது, உள்ளே இறங்க வேண்டும். பல் குத்திய சிறு துளை என்றால், தோலை இரண்டு பக்கமும் மெல்ல விரித்துத் தண்ணீர் உள்ளே போகும்படி செய்யுங்கள். எரியத்தான் செய்யும். குழந்தையாக இருந்தால் ஒருவர் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கழுவட்டும். கடிகாரத்தைப் பாருங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும்.

கழுவியபின் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம். ரத்தம் பீறிட்டால் மட்டும் வரிசை மாறும்: சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழையுங்கள்.

படி 3: எதையும் அப்பாதீர்கள்

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், நல்லெண்ணெய் என்று நம் ஊர்ப் பட்டியல் நீளமானது. இவை காயத்தைப் புண்ணாக்கி, மருத்துவரின் வேலையையும் கெடுக்கும். மந்திரிக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், ஊசி போட்டுக்கொண்டு வந்து மந்திரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

படி 4: அன்றே மருத்துவமனை

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாய்க்கடித் தடுப்பூசி இலவசம். நாயைத் தடவியது, கீறலில்லாத தோலை அது நக்கியது என்றால் அது முதல் வகை, ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி போட வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், புண்ணிலோ கண், வாயிலோ பட்ட எச்சில் ஆகியவை மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவை. தடுப்பூசி உடலில் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கச் சில நாட்களாகும். அந்த இடைவெளியை நிரப்பவே இந்த மருந்து. இதைக் காயத்தின் உள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். வலிக்கும், ஆனால் தவிர்க்கக் கூடாது. இந்த மருந்து எல்லா இடத்திலும் இருப்பில் இருக்காது. "இது மூன்றாம் வகைக் கடியா? இம்யூனோகுளோபுலின் இங்கே இருக்கிறதா?" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டுவிடுங்கள்.

"எங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோமே" என்பது நல்ல செய்திதான். அந்த அட்டையை எடுத்துச் சென்று காட்டுங்கள். அதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

படி 5: தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பழைய மருந்து எப்போதோ ஒழிந்துவிட்டது. இப்போது ஊசி கையில்தான். சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். பிட்டத்தில் போடக் கூடாது. முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிடுவார்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேரும். காயம் ஆறிவிட்டது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தோல் ஆறுவதற்கும் ரேபிஸுக்கும் தொடர்பே இல்லை. நோய் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

படி 6: நாயைப் பத்து நாள் கவனியுங்கள்

கடித்தபோது நாயின் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், அது பத்து நாளுக்குள் நோயுற்று இறந்துவிடும். பத்து நாளும் நன்றாக இருந்தால், மீதி ஊசிகள் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை காத்திருந்து ஊசியைத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே, குரங்குக்குப் பொருந்தாது.

பூனைக்கடியில் இன்னொரு சிக்கல். வெளியே பார்த்தால் ஊசி குத்திய அளவுதான் தெரியும். மெல்லிய பல் கிருமியை ஆழத்தில் விட்டிருக்கும். ஒரு நாளுக்குள் கை சிவந்து, சுடுவதுபோல் வீங்கினால், விரலை மடக்க முடியாவிட்டால், உடனே திரும்பிப் போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும். கிளி கொத்தினால் ரேபிஸ் பயம் இல்லை, கழுவி டெட்டனஸ் ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

உயிரியல் பூங்காவில்

அங்கே நடக்கும் கடிகளில் பல, தடுப்பைத் தாண்டிக் கை நீட்டித் தின்பண்டம் கொடுப்பவர்கள் தேடிக்கொள்வது. வண்டலூர் போன்ற இடங்களில் கூண்டுக்கு வெளியே திரியும் குரங்குகளிடமும் எச்சரிக்கை தேவை: அது பையைப் பறித்தால் விட்டுவிடுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், குரங்குக்கு அது மிரட்டலாகத் தெரியக்கூடும். கடித்துவிட்டால் அருகிலுள்ள குழாயில் அதே 15 நிமிடம் கழுவி, ஊழியர்களிடம் எந்த விலங்கு என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு எப்போதாவது ரேபிஸ் ஊசிகளை முழுமையாகப் போட்டிருந்தால், அந்தச் சீட்டைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். அப்படிப் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசிகளே போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.