ஈரோட்டு விலை வேறு, சுங்கை சிப்புட் விலை வேறு

மலேசியாவிலிருந்து ஊருக்குப் போகிற நம் ஆட்களில், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் துணி போடுகிறவர்களும் சின்னதாகப் பூசைப் பொருள் கடை வைத்திருப்பவர்களும் திருச்சியில் இறங்கிய மறுநாளே கைப்பேசியில் கணக்குப் போட்டு மயங்கிவிடுகிறார்கள். நைட்டி 200 ரூபாய், ஒரு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, 20 ரூபாய் என்று வைத்தால் பத்தே வெள்ளி, இங்கே 25-க்கு அள்ளிக்கொண்டு போவார்களே! சரிதான், ஆனால் அந்தப் பத்து வெள்ளி ஈரோட்டில். நம் கடைக்கு வந்து இறங்கும்போது எவ்வளவு என்று பாருங்கள்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாயிலும் நடக்கும், அதற்கேற்றபடி பயணத்தை வையுங்கள். விலை பேசும்போதே பில்லையும் பேசிவிட வேண்டும். கையில் காசு கொடுத்து வாங்கினால் ஜிஎஸ்டியும் சேர்ந்துதான் போகிறது. ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் வைத்திருக்கும் வியாபாரியே, எல்யூடி எனும் உறுதிக் கடிதம் கொடுத்து ஏற்றுமதியாக அனுப்பினால் அந்த வரி இல்லாமல் பில் போடலாம். ஆசியான்-இந்தியா வணிக ஒப்பந்தம் 2010 முதல் நடப்பில் இருப்பதால் ஃபார்ம் ஏஐ என்ற பிறப்பிடச் சான்றிதழும் கேளுங்கள். பொருளைப் பொறுத்து இங்கே இறக்குமதி வரி குறையும். ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட இது லாபம்.

அப்புறம் எடை. விமானச் சரக்கில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். 60, 40, 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 16 கிலோ. உள்ளே 12 கிலோ நைட்டிதான் இருக்கிறதென்றாலும் 16-க்குத்தான் காசு, அதனால் துணியை நன்றாக அழுத்திக் கட்டச் சொல்லுங்கள். பித்தளைக்கு அந்தக் கவலை இல்லை, அதன் எடையே ஆளைக் கொல்லும். கப்பலில் கிள்ளானுக்கு அனுப்புங்கள், ஆனால் கப்பல் வர நாளாகும், தீபாவளிக்கு வேண்டியதைப் புரட்டாசியில் போய்த் தேடாதீர்கள். பெட்டி நிறைய ஒரே மாதிரித் துணியை அடுக்கிக்கொண்டு வந்து சொந்த உபயோகம் என்று சுங்கத்தில் சொல்வதும் வேண்டாம், பார்த்ததும் தெரிந்துவிடும்.

எதை வாங்குவது? கிள்ளான் மொத்தக் கடைக்காரர் கொள்கலன் கணக்கில் இறக்குகிற ஊதுவத்தி, குங்குமம், சாதாரணச் சேலையை விட்டுவிடுங்கள், அவர் விலைக்கு நம்மால் ஈடு கொடுக்க முடியாது. அவர் தொடாததை எடுங்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒரே கரையில் நாற்பது வேட்டி, கும்பகோணம் பக்கம் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, இந்த மாதிரி.

விளக்கு வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாகக் கழன்று வரும், ஒவ்வொன்றிலும் திருகு மரை உண்டு, ஒரு விளக்கின் மரை இன்னொன்றுக்குச் சேராமல் போகும். நான் முதல் தடவை அன்னத்தை எல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கொண்டுவந்து, இங்கே ராத்திரி பதினொரு மணிவரை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையிலேயே முழுதாகப் பூட்டிப் பார்த்து, கழற்றி, ஒரு விளக்குக்கு ஒரு பை என்று கட்டி எண் எழுதி வாங்குங்கள். என்னிடம் கடைசியில் ஓர் அன்னம் குறைந்தது. அந்த விளக்கு இன்னும் விற்கவில்லை, கல்லாப் பக்கத்தில் நிற்கிறது.