பழைய காஸ் ஹீட்டரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் முன்

கொழும்பு வீடுகளில் காஸ் ஹீட்டருக்கு வேலை இல்லை. ஆனாலும் வெள்ளவத்தை, தெஹிவளைத் தொடர்மாடிகள் சிலவற்றில், வெளிநாட்டு உறவினர் விட்டுச்சென்றதோ பழையதாக வாங்கியதோ ஒன்று பதினொரு மாதம் மூலையில் கிடந்து, தை மாதக் குளிரில் நுவரெலியாவுக்குப் போகும் வான் வண்டியில் ஏறுகிறது. அந்தப் பதினொரு மாதக் கிடப்புத்தான் அதன் முதல் எதிரி. கடற்காற்றின் உப்பு பர்னரையும் இணைப்புகளையும் துருப்பிடிக்க வைக்கும்; சிலந்தி நூல், பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடரான பைலட்டின் மிக நுண்ணிய துளையை அடைத்துவிடும்.

எனவே புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் அதைச் சோதித்துப் பாருங்கள். முதலில் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து, வெடிப்போ விறைப்போ தெரிந்தாலும், அதில் அச்சிட்ட ஆண்டிலிருந்து ஐந்து வருடம் தாண்டியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஹீட்டரின் தகட்டில் எழுதியுள்ள அழுத்தமும் (பெரும்பாலும் 28 முதல் 30 மில்லிபார்) ரெகுலேட்டரில் உள்ள அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரெகுலேட்டர் நம் சிலிண்டரின் வால்வில் சரியாகப் பொருந்தாவிட்டால், எதையாவது சுற்றி இறுக்கிச் சமாளிக்கக் கூடாது. ஹீட்டரின் குமிழை மூடிவைத்து, சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நுரையைப் பூசுங்கள். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் வெடிப்புகள் நடந்த நாட்களில் நாம் எல்லோரும் பழகிய சோதனைதான் இது. குமிழி வந்தால் அந்த ஹீட்டரை ஏற்ற வேண்டாம்.

அடிக்கடி வரும் முறைப்பாடு, குமிழை அழுத்தியிருக்கும்வரை பைலட் சுடர் எரிகிறது, கையை எடுத்ததும் அணைகிறது என்பதுதான். பைலட் சுடரில் சூடாகும் தெர்மோகப்பிள், பாடசாலைப் பௌதிகத்தில் வெப்பவிணை என்று படித்தோமே அதுவே, மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கி வால்வைத் திறந்துவைக்கிறது. அது சூடேறுவதற்கு 20 முதல் 30 விநாடி வேண்டும்; ஆகவே குமிழை அவ்வளவு நேரம் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் அணைந்தால், காஸை மூடி, எல்லாம் ஆறியபின் தெர்மோகப்பிளின் நுனியிலுள்ள கரியை மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள். பைலட் துளையைக் காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும். ஊசி விட்டால் துளை பெரிதாகி, சுடரின் அளவே மாறிவிடும்.

இதற்கும் சரிவராவிட்டால் வால்வைக் கட்டிவைத்தோ சென்சரைக் கழற்றியோ எரியவிடும் 'வழி' ஒன்றைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். பல ஹீட்டர்களில் அதே பைலட் அமைப்புத்தான் அறையின் ஒட்சிசன் குறைவதையும் உணர்ந்து காஸை நிறுத்துகிறது. ஏற்கெனவே யாராவது அப்படிக் கட்டிவைத்த ஹீட்டரானால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் வெள்ளவத்தையில் ஒழுங்காக எரிந்த ஹீட்டர் அங்கே மஞ்சள் சுடருடன் எரியலாம், ஒட்சிசன் சென்சர் உள்ளது என்றால் தானாகவே அணையவும் செய்யலாம். இரண்டுமே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். மஞ்சள் சுடரும் கரியும் முழுமையற்ற எரிவின் அடையாளம், அதிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

குளிருக்கு அஞ்சி எல்லா யன்னல்களையும் அடைக்கும் பழக்கம்தான் இங்கே ஆபத்து. ஒரு யன்னலை எப்போதும் சற்றுத் திறந்துவையுங்கள். ஹீட்டரைத் திரைச்சீலை, போர்வை, மெத்தையிலிருந்து குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள். படுக்கும் முன் சிலிண்டரையே மூடிவிடுங்கள். குழந்தைக்குக் குளிரும் என்று இரவு முழுவதும் எரியவிடக் கூடாது, அவனுக்கு இன்னொரு கம்பளி போர்த்துங்கள்.

அறையில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், தூக்கக்கலக்கம் வந்தால், அது பயணக் களைப்பு என்று எண்ணாமல் எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். காஸ் மணம் வந்தால், காற்றைவிடப் பாரமான அந்த வாயு தரையோடு தேங்கும் என்பதை நினைவில் வைத்து, மின்விசிறியையோ எந்தச் சுவிட்சையோ தொடாமல், எட்டும் தூரத்தில் இருந்தால் சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்து வெளியேறுங்கள். தீயணைப்புப் படையின் 110 இலக்கத்துக்கான தொலைபேசி அழைப்பையும் முற்றத்துக்கு வந்தபின்பே எடுங்கள்.