ஸ்டீமில் கேமை விற்பனைக்கு ஏற்றுவது எப்படி?

ஸ்டீம் என்பது வால்வ் நிறுவனம் நடத்தும் கணினி கேம் கடை. 2012-இல் வந்த கிரீன்லைட் என்ற முறையின் காலத்தில், எந்த கேம் ஸ்டீமுக்குள் வரலாம் என்பதற்கு ஆடுபவர்களின் ஓட்டு தேவைப்பட்டது. 2017 ஜூனில் அந்த முறை போய் ஸ்டீம் டைரக்ட் வந்தது. இப்போது கேமுக்கு 100 டாலர் கட்டினால் போதும். 1,000 டாலர் வருமானம் தாண்டியதும் அது திரும்பி வந்துவிடும். கேம் நன்றாக இருக்கிறதா என்று வால்வ் மதிப்பெண் போடுவதில்லை. கேமின் விற்பனைப் பக்கத்தில் சொன்னதெல்லாம் கேமில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

முதலில் பெயர். பாஸ்புக்கில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருப்பது நம் ஊரில் சகஜம். பதிவில் தரும் பெயர், வங்கிக் கணக்கு, வரிப் படிவம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பணம் கட்டும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். கேம் வரப்போவதை அறிவிக்கும் 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். ஸ்டோர் பக்கம், பில்ட் (ஆடுபவர் இறக்கி ஓட்டும் கேம் கோப்புகள்) இரண்டுக்கும் தனித்தனிப் பரிசீலனை. ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலைநாள் ஆகலாம், திருப்பி அனுப்பினால் மறுபடி வரிசை. தீபாவளிக்கு விற்க நினைத்தால் ஆடியிலேயே ஆரம்பிப்பது நல்லது.

ஸ்கிரீன்ஷாட் குறைந்தது ஐந்து, 1920×1080 அளவில். எல்லாம் ஆட்டத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும்; அழகாக வரைந்த ஓவியம் செல்லாது. கடைப் பட்டியல்களில் கேமைக் காட்டும் கேப்ஸ்யூல் படத்தில் ஓவியமும் கேம் பெயரும் மட்டும். 'விருது பெற்றது', '9/10', 'தள்ளுபடி' என்று எழுத 2022 செப்டம்பரிலிருந்து தடை. 462×174 கேப்ஸ்யூல் தேடல் பட்டியலில் விரல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். அதில் பெயர் படிக்க முடிகிறதா என்று போனில் வைத்துப் பாருங்கள்.

பில்டில் பலர் வழுக்குவது 'முழு கன்ட்ரோலர் ஆதரவு' என்ற டிக்கில். சண்டை, மெனு எல்லாம் கன்ட்ரோலரில் ஓடும். வீரர் பெயர் தட்டச்சு செய்யும் ஒரே ஒரு திரை மட்டும் கீபோர்டு கேட்கும். அது முழு ஆதரவு ஆகாது. திரைக் கீபோர்டு சேருங்கள், இல்லாவிட்டால் 'பகுதி ஆதரவு' என்று மாற்றுங்கள். அடுத்தது டெப்போ, அதாவது ஸ்டீமில் பில்ட் கோப்புகள் இருக்கும் தொகுப்பு: பில்டை ஏற்றிவிட்டு, டெப்போவை விற்பனைப் பேக்கேஜில் சேர்க்க மறந்தால் வால்வின் பரிசோதகருக்கு கேமே இறங்காது. விண்டோஸில் கேம் ஓடத் தேவைப்படும் விஷுவல் சி++ கோப்புகளைச் சேர்க்க மறந்தால் கேம் ஓடாது. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பதால் குறை தெரியாது. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் ஒருமுறை நிறுவிப் பார்த்தால் இவை மாட்டிவிடும்.

கேமில் பிளாக்செயின் (கிரிப்டோ நாணயங்களின் தொழில்நுட்பம்), என்எஃப்டி (அதில் விற்கும் டிஜிட்டல் சொத்து) இருந்தால் ஸ்டீமில் இடமில்லை. எபிக் கேம்ஸ் என்ற இன்னொரு கடையில் அதற்குத் தடையில்லை. 2023 மார்ச்சிலிருந்து அங்கும் 100 டாலரில் நாமே வெளியிடலாம். ஆட்கள் ஆடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கடை வேண்டுமென்றால் ஜிஓஜி.

ஸ்டீமுக்குள் வந்தபின் கேமை முகப்பில் காட்டுவதா என்பது வேறு கணக்கு, அதுதான் உண்மையான வடிகட்டல். வெளியாகும் முன் விஷ்லிஸ்ட்தான் (வாங்க நினைப்பவர்கள் கேமைக் குறித்து வைக்கும் பட்டியல்) பேசும். அதனால் இரண்டு வாரத்தோடு நிற்காமல் பக்கத்தைப் பல மாதம் முன்பே திறந்துவிடுங்கள். விஷ்லிஸ்ட் போட்டவர்களுக்கு வெளியீட்டன்று மின்னஞ்சல் போகும். பிறகு 20% அல்லது அதற்கு மேல் தள்ளுபடி தரும்போதும் போகும். 15% வைத்தால் அந்த மின்னஞ்சல் கிடையாது.