தோல் பையில் இனிஷியல் பதிக்கிறீர்களா? இரண்டாவது அடி வேண்டாம்

விலை கூடிய தோல் பை, பர்ஸ், பெல்ட்டில் இனிஷியல் பதிக்கப் புதிதாக மெஷின் வாங்குகிறவர்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் தவறுகிறார்கள். கோணலாக வைப்பது, ஃபாயிலை (சூட்டில் எழுத்தாக ஒட்டும் பொன், வெள்ளி நிற மெல்லிய தாள்) தலைகீழாகப் போடுவது எல்லாம் ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். பையையே காவு வாங்குகிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

இனிஷியலை வாயால் கேட்டுக்கொள்வது

எழுதி வாங்குங்கள். நாகர்கோவிலில் இனிஷியல் பெயருக்கு முன்னால். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் பின்னால் போடுகிறவர்களும் உண்டு. கல்யாணப் பரிசென்றால் பெண்ணுக்கு அப்பா எழுத்தா, மாப்பிள்ளை எழுத்தா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தோல் என்ன ரகம் என்று பாராதது

வாரின் உள்முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சினால் மேல்பூச்சு இல்லாத தோல். முத்தாக நின்றால் பூச்சோ மெழுகோ இருக்கிறது. ஃபாயில் ஒட்டுவது சந்தேகம். ஃபாயில் இல்லாமல் வெறும் அழுத்தம் மட்டும் கேட்டால், மரப்பட்டையில் பதனிட்ட தோலில்தான் அது நிற்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் நாளாவட்டத்தில் மேலெழும்பி எழுத்தை மங்கடித்துவிடும். மரப்பட்டைத் தோலை நனைத்து அழுத்துவதென்றால் டை (எழுத்து வெட்டிய உலோக அச்சு) குளிர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோலில் சூடு பட்டால் சுருங்கிக் கருகும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தேய்த்த பை வரும். அதிலும் ஃபாயில் ஒட்டுவது சந்தேகம். முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இரண்டாவது அடி

வளைகுடாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த பை என்று வைத்துக்கொள்வோம். 'எம்' எழுத்து விழுந்தாயிற்று, இடது கால் மட்டும் மங்கல். புதியவர் என்ன செய்வார்? பையை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார், திரும்ப வைப்பார், இன்னொரு அடி. அங்கேதான் பை போகிறது.

முதல் அடியிலேயே தோலில் பள்ளம் விழுந்துவிட்டது. அடுத்தது அரை மில்லிமீட்டர் தள்ளி இறங்கினாலும் எழுத்துக்கு நிழல் வந்துவிடும். மறுபடி சூடு பட்ட ஓரம் கருக்கும். ஏற்கெனவே விழுந்த ஃபாயிலின் மேல் புது ஃபாயில் சரியாகப் பிடிக்காமல் செதிளாக உரியும். சூட்டில் அமுங்கிய நார் முழுசாகப் பழையபடி எழும்பாது, ஆகவே அழிக்கவும் வழியில்லை. மேலே ஒரு தோல் துண்டு வைத்துத் தைக்கலாம். யார் அதற்குச் சம்மதிப்பார்கள்?

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் சூடு அல்ல, அடியில் தாங்கல் இல்லாததுதான். தைத்து முடித்த பைக்குள் ஸ்பாஞ்சும் லைனிங்கும் இருக்கும், பின்பக்கம் தையலோ ஜிப்போ ஓடும். அழுத்தம் ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் இறங்காது. உள்ளே நுழைகிற அளவுக்கு 5 மி.மீ. தடிமனில் கெட்டியான பலகை ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சூடேற்றாமல், வெள்ளைத் தாளின் மேல் கார்பன் தாள் வைத்து ஒரு அழுத்து. எல்லாக் காலும் ஒரே கருப்பாக விழவில்லையென்றால் டை சாய்ந்திருக்கிறது.

அதன்பின் சூடு. அதே ரகத் துண்டுத் தோலில் 100 டிகிரியில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றுங்கள். அழுத்தம் 1 முதல் 2 விநாடி. எழுத்து உடைந்து விழுந்தால் சூடு போதாது. ஓரம் பிசிறி, ஆங்கில 'ஏ'யின் நடுத்துளை அடைபட்டால் சூடு கூடிவிட்டது. ஆறியபின் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மீட்டர் காட்டுவது ஹீட்டரின் சூடு. டையின் முகம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். கிடைத்த எண்ணைத் தோல் ரகத்தோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

பை, அதை நகராமல் பிடிக்கும் ஸ்டாப்பரை விட்டு அசையவே இல்லை, ஃபாயிலும் டேப்பில் ஒட்டியபடி இருக்கிறது என்றால் மட்டும் ஃபாயிலின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்து இன்னொரு முறை அழுத்தலாம். அசைந்துவிட்டதா, மங்கலாகவே கொடுங்கள். மங்கல் எழுத்தை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார், இரட்டை எழுத்தைப் பொறுக்கமாட்டார்.

தமிழ் எழுத்தை ஆங்கில அளவில் செய்வது

6 மி.மீ. உயரத்தில் ஆங்கில எழுத்து தெளிவாக விழும். 'ஜெ', 'ஸ்ரீ' அந்த அளவில் சுழி அடைபட்டுக் கட்டியாகிவிடும். 9 அல்லது 10 மி.மீ. வேண்டும். செய்யக் கொடுத்த டை வந்ததும் அது கண்ணாடி பிம்பமாக இருக்கிறதா என்று பாருங்கள். 'ப'வை வைத்துப் பார்க்காதீர்கள், இடவலமாகத் திருப்பினாலும் ஏறக்குறைய 'ப'தான்.

மழையில் அவசரம்

குமரி மாவட்டத்தில் நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஈரம் குடித்த தோலில் சூடான டை பட்டால் ஆவி கிளம்பி ஃபாயில் திட்டுத்திட்டாக விடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் ஒரு நாள் வையுங்கள். கல்யாணம் நாளைக்கே என்றால் பையை விட்டுவிட்டு, காய்ந்த தோலில் ஒரு டேக் வெட்டி, அதில் பதித்து மாட்டிக் கொடுங்கள்.

பாலிதீன் கவரில் கொடுப்பது

பூசணம் பிடிக்கும். துணிப்பை போதும்.